யோகான்னம்மாவின் நிரந்தர முகவரி

எங்கள் தொழிலில் இரண்டு வார்த்தைகளை வாயில் எடுக்கக் கூடாது. ஒன்று ‘கிடைக்கும்’, இன்னொன்று ‘கிடைக்காது’. இந்த இரண்டுக்கும் நடுவில் என்ன மிச்சமோ அதை வைத்துக்கொண்டு, மத்தியானத்திலிருந்து ராத்திரிச் சாப்பாட்டு நேரம் வரை போனில் பேசிச் சம்பளம் வாங்குகிறோம்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் மூன்றாவது மாடி. ஐரோப்பாவில் ஒரு நாட்டில் பிறந்து இன்னொரு நாட்டில் போய்க் குடியிருப்பவர்களுக்கு, அங்கே தங்குவதற்கான காகிதங்களைத் தயார் செய்து கொடுக்கும் கம்பெனி. வேலைக்குச் சேரும்வரை நானும் உங்களைப் போலத்தான் நினைத்திருந்தேன். அவர்களுக்கு என்ன, எல்லைக் கதவே கிடையாது, ரயிலில் தூங்கி எழுந்தால் அடுத்த நாடு என்று. போகலாம்தான். போய் மூன்று மாதத்துக்கு மேல் தங்கினால் பதிய வேண்டும். வருமானம் காட்ட வேண்டும், மருத்துவக் காப்பீடு காட்ட வேண்டும். ஐந்து வருஷம் விடாமல் இருந்தேன் என்று நிரூபித்தால்தான் நிரந்தரமாக வசிக்கும் உரிமை. அது கைக்கு வந்துவிட்டால் அப்புறம் யாரும் ‘பிழைக்கக் காசு இருக்கிறதா’ என்று கேட்க மாட்டார்கள்.

தாலுகா ஆபீசில் வரிசையில் நின்று, கவுன்டர் வரை போய், ‘ஜெராக்ஸ் எங்கே’ என்று கேட்கப்பட்டு வீடு திரும்பியவர்களே, உங்களுக்கு இது புரியும். அவர்களும் நகம்தான் கடிக்கிறார்கள். இங்கிலீஷில் கடிக்கிறார்கள், அவ்வளவுதான்.

கதவு தட்டும் சத்தம்

யோகான்னா என்ற அம்மாள் முதல் தடவை போன் செய்தபோது அழவில்லை. அழுகிறவர்களைச் சமாளித்துவிடலாம், அதற்கு ஸ்கிரீனில் வாக்கியம் இருக்கிறது. இந்த அம்மாள் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார், அதற்கு ஸ்கிரீனில் வாக்கியம் இல்லை. பிறந்தது ஹாலந்தில். புருஷனும் அவரும் போர்ச்சுகலில் கடலோரம் ஒரு சின்ன ஊரில் பதினோரு வருஷமாகக் குடியிருக்கிறார்கள். காகித வேலை முழுக்கப் புருஷன். போன குளிர்காலத்தில் அவர் போய்விட்டார். காரியமெல்லாம் முடிந்து மேஜை டிராயரைத் திறந்து பார்த்தால், இந்த அம்மாள் பேரிலிருந்த பதிவு காலாவதியாகி வருஷக்கணக்காகிறது. மனிதர் புதுப்பிக்கவே இல்லை.

புருஷன் போனதோடு அவர் பென்ஷனும் போயிற்று. மிச்சமிருப்பது இவருடைய சின்னப் பென்ஷன். இப்போது புதிதாக வந்தவர் மாதிரிப் பதியப் போனால் ‘வருமானம் போதாது’ என்று சொல்லிவிடுவார்களோ என்று பயம். நிரந்தர உரிமை கிடைத்தால் அந்தக் கேள்வியே இல்லை. கிடைக்காவிட்டால் ஹாலந்துக்குத் திரும்ப வேண்டும். அங்கே வீடும் இல்லை, ஆளும் இல்லை. புருஷனைப் புதைத்த இடம் இவர் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். “தினமும் சாயங்காலம் போய்வருகிறேன், அது நின்றுவிடக் கூடாது” என்றார்.

நான் ஸ்கிரீனில் இருந்ததைப் படித்தேன். “உங்கள் கவலை புரிகிறது.” அதற்குமேல் எனக்கு அனுமதி இல்லை. எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் ஒரு பிரஸ் ஷாப், தகடு அடிக்கும் மிஷின் நாள் முழுக்க டொம் டொம் என்று அடித்துக்கொண்டிருக்கும். நான் அடுத்து என்ன படிப்பது என்று தேடிக்கொண்டிருந்த நேரத்தில் அந்தச் சத்தம் அவருக்குக் கேட்டிருக்கிறது. அந்த நிலைமையிலும் அவர் சொன்னார்: “யாரோ உங்கள் கதவைத் தட்டுகிறார்கள் கலா, போய்த் திறந்துவிட்டு வாருங்கள், நான் லைனிலேயே இருக்கிறேன்.”

அம்மா எப்போது குணமாவாள்

பயப்படுவது நமக்கு மட்டும் சொந்தம் என்று நினைக்கிறவர்களுக்காக இன்னொருவரையும் சொல்லிவிடுகிறேன். பெல்ஜியத்தில் வேலை பார்க்கும் இத்தாலிக்காரர். நிரந்தர உரிமைக்கு இன்னும் கொஞ்ச காலம்தான் பாக்கி. ஊரில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று தகவல். வருஷத்தில் ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் ஐந்து வருஷக் கணக்கு அறுந்துபோக வாய்ப்பிருக்கிறது, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

போய் எத்தனை நாள் இருக்கலாம் என்று கேட்டார். விதியைப் படித்தேன். “அது தெரியும், நான் போகலாமா?” என்றார். மறுபடி விதியைப் படித்தேன். எங்கள் டீம் லீடர் பிரவீண் எதிரில் நின்று, உதட்டில் விரலை வைத்துக் காட்டினான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை, நாங்கள் ‘போங்கள்’ என்று சொல்லி ஏதாவது ஆனால் அவன் தலைதான் உருளும். எதிர்முனையில் ஒரு பெருமூச்சு, அப்புறம் மரியாதையாகவே கேட்டார்: “அம்மா என்றைக்குக் குணமாவாள் என்று உங்கள் கம்ப்யூட்டரில் பார்த்துச் சொல்லுங்கள், அதற்குத் தகுந்த மாதிரி டிக்கெட் போடுகிறேன்.”

சேகர் அண்ணன் கேட்ட கேள்வி

யோகான்னாவின் விவரங்களை வாங்கி கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை சேகர் அண்ணனுக்குப் போயிற்று. குத்தம்பாக்கத்துக்காரர், என்னைவிடப் பத்து வயசு பெரியவர். தாத்தா காலத்து நிலத்தில் பாதியை விற்று, மீதியில் கட்டிய வீட்டில் இருக்கிறார். அவர் பிறந்ததிலிருந்து ஊர் மாறியதே இல்லை, ஊர்தான் அவரைச் சுற்றி மாறிவிட்டது. அக்கம்பக்கம் முழுக்க வெளியூர்க்காரர்கள். பொங்கல் வந்தால் அத்தனை பேரும் ‘நேட்டிவ் போறோம்’ என்று பூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அதனால் யாரைப் பார்த்தாலும் இவர் முதலில் கேட்பது அதைத்தான். அந்த அம்மாளிடமும் கேட்டார்: “மேடம், விச் இஸ் யுவர் நேட்டிவ்?”

அவ்வளவுதான், அந்தப் பக்கம் மடை திறந்துவிட்டது. கால்வாய்க் கரையில் வீடு, அப்பாவின் ரொட்டிக்கடை, விடியற்காலையில் தெருவெல்லாம் ரொட்டி வாசனை. அந்த வீட்டை இடித்துவிட்டார்களாம். சேகர் அண்ணன் கதவு நம்பர் முதற்கொண்டு கேட்டு, எழுத்து எழுத்தாகச் சரிபார்த்து ஏற்றினார். சரிபார்த்து அனுப்பியது நான். எனக்கும் அதில் ஒன்றும் தப்பாகப் படவில்லை.

எங்கள் கம்பெனியில் அழைப்புகளைக் கேட்டு மார்க் போடுவார்கள். ஆலோசனை சொன்னால் மார்க் வெட்டு. நாலு வார்த்தை சொந்தக் கதை, ஊர்க்கதை பேசி மனுஷியைச் சிரிக்க வைத்தால் தனியாக மார்க் உண்டு. அந்த வாரம் சேகர் அண்ணனுக்கு முழு மார்க். பொன்னாடை போர்த்தாத குறை. டீ குடிக்கப் போகும்போது அவர் சொன்னார்: “பாவம் மேடம் அந்த யோகான்னம்மா, ஊரப் பத்திப் பேச ஆளில்லாம கீது, நான் கேட்டதும் அப்டியே கொயந்த மாதிரி ஆயிடுச்சு.”

நடராஜன் சார்

இதற்கு நடுவில் என் கதையும் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. முகப்பேரில் ஹவுசிங் போர்டு பிளாட், முதல் மாடி, எட்டு வருஷமாக வாடகை. ஆதாரில் இன்னும் ராஜபாளையம்தான். மாற்ற வேண்டும் மாற்ற வேண்டும் என்று எட்டு வருஷமாக நினைக்கிறேன். ஹவுஸ் ஓனர் அக்ரிமென்ட் போடுகிறேன் போடுகிறேன் என்று எட்டு வருஷமாகச் சொல்கிறார். அடுத்தவர்களுக்கு ஐரோப்பாவில் முகவரி வாங்கிக் கொடுக்கிற எனக்கு முகப்பேரில் முகவரி இல்லை. சிரிக்காதீர்கள், உங்களில் பாதிப் பேர் கதை இதுதான்.

கீழ்வீட்டில் நடராஜன் சார். ரிட்டயர்டு. என் கொடியிலிருந்து அவர் துணியில் சொட்டுகிறது, என் ஸ்கூட்டர் அவர் ஜன்னலை மறைக்கிறது, நான் மோட்டார் போட்டால் அவருக்குத் தூக்கம் கெடுகிறது. வாரம் ஒரு பஞ்சாயத்தாவது இல்லாமல் போகாது. எனக்கும் வாய் சும்மா இருக்காது என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு தடவை ஊரில் கல்யாணம் என்று போயிருந்தேன். என் தங்கை வந்து பிளாட்டில் தங்கிக்கொண்டாள். திரும்பி வந்து பையைக்கூடக் கீழே வைக்கவில்லை, படிக்கட்டில் மறித்துக்கொண்டார்: “ஏம்மா, செவ்வாய்க்கிழமை நீ ஊர்ல இல்ல, ஆனா மேலேருந்து சொட்டிச்சு, அப்ப துணி காயப் போட்டது யாரு?”

பதில் வந்த நாள்

யோகான்னாவின் விண்ணப்பத்துக்குப் பதில் வந்தது. பிரவீண் படித்துவிட்டு என் ஸ்கிரீனுக்கு அனுப்பினான். ‘விண்ணப்பதாரர் தன் நிரந்தர முகவரி ஹாலந்தில் இருப்பதாகத் தானே எழுதியிருக்கிறார். ஆகவே இங்கே தற்காலிகமாகத் தங்கியிருப்பதாகத் தெரிகிறது. இந்த ஊரில்தான் வசிக்கிறார் என்பதற்குக் கெடுவுக்குள் சான்று தராவிட்டால் விண்ணப்பம் முடித்துவைக்கப்படும்.’

எங்கள் என்ட்ரி பக்கத்தைச் செய்தவர்கள் நம் ஊர்க்காரர்கள். அதில் இரண்டு கட்டம்: பெர்மனன்ட் அட்ரஸ், கம்யூனிகேஷன் அட்ரஸ். பத்தாம் வகுப்புப் பரீட்சையிலிருந்து நாம் நிரப்பாத கட்டங்களா? முதல் கட்டத்தில் பூட்டிக் கிடக்கிற பூர்வீக வீடு, இரண்டாவதில் நாம் சோறு தின்று தூங்குகிற வீடு. கை தானாக எழுதிவிடும். அங்கே அப்படி இல்லை. எங்கே தூங்கி எழுகிறாயோ அதுதான் முகவரி. சேகர் அண்ணன் முகம் வெளுத்துவிட்டது. “ஸ்கூல்லேருந்து அப்டித்தான மேடம் எயுதிகினு கீறோம்” என்றார். அன்றைக்கு அவர் டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை. அந்த அம்மாள் வீட்டை விட்டுப் போகும்படி ஆனால் தன் தலையில்தான் அந்தப் பாவம் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

தகவல் சொல்லும் வேலை எனக்கு. நம்பரைப் போடுவதற்குள் இரண்டு தரம் தண்ணீர் குடித்தேன். தவறு எங்கள் பக்கம் என்று சொன்னேன். அதைச் சொல்ல மட்டும் பிரவீண் அனுமதித்தான். திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டினால் எனக்கும் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் சொன்னது இவ்வளவுதான்: “அவர் கேட்டார், அதனால் சொன்னேன். இத்தனை வருஷத்தில் யாருமே அதைக் கேட்டதில்லை.”

கரண்ட் பில்

சான்று தேட ஆரம்பித்தோம். கரண்ட் பில் புருஷன் பேரில். தண்ணீர், டெலிபோன், வாடகை ஒப்பந்தம், எல்லாம் புருஷன் பேரில். எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. எங்கள் பிளாட்டுக்கு இன்றைக்கும் ஓனருடைய அப்பா பேரில்தான் கரண்ட் கார்டு, அவர் காலமாகிப் பல வருஷம் ஆகிறது. நம் ஊரில் செத்தவர்கள்தான் கரண்ட் பில் கட்டுகிறார்கள். அங்கே ஆபீசில் அது எடுபடவில்லை. புருஷன் அந்த வீட்டில் இருந்தது நிரூபணம் ஆகிறது, மனைவி இருந்தது ஆகவில்லை என்கிறார்கள்.

பென்ஷன் ஹாலந்து பேங்கில் விழுகிறது. கடையில் வாங்குவதெல்லாம் ரொக்கம். டாக்டர் சீட்டு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். புருஷனுக்கு ஒரு கட்டு இருந்தது. இவர் ஒரு நாள் ஆஸ்பத்திரிப் பக்கம் போனதில்லை. திடகாத்திரமாக இருந்ததே குற்றமாகப் போயிற்று. டிராயரை மூடுகிற சத்தம் போனில் கேட்டது. “நானும் ஒரு தடவையாவது படுக்கையில் விழுந்திருக்க வேண்டும், ஒரு ரசீதாவது மிஞ்சியிருக்கும்” என்றார்.

இரண்டு பேர் போதும்

விதிப் பக்கங்களை மேலும் கீழும் உருட்டியதில் ஒரு வழி கிடைத்தது. அந்த ஊர் மன்ற ஆபீசில், நம் பஞ்சாயத்து ஆபீஸ் மாதிரி, அதே ஊர்க்காரர்கள் இரண்டு பேர் வந்து ‘இவர் இங்கேதான் குடியிருக்கிறார்’ என்று சொன்னால் வசிப்பிடச் சான்று கொடுப்பார்கள். இதை மட்டும் படித்துக் காட்டலாம், படித்துக் காட்டினேன். அந்த ஊர் ரொட்டிக்கடைக்காரி உடனே வருகிறேன் என்றுவிட்டாளாம். இரண்டாவது ஆளுக்கு எங்கே போவது? அந்தத் தெருவில் மற்ற வீடெல்லாம் கோடைக்கு மட்டும் திறக்கிற வீடு. வருஷம் முழுக்க இருப்பது இவரும் பக்கத்து வீட்டு அல்பெர்ட்டோவும்தான்.

அல்பெர்ட்டோவோடு பேச்சுவார்த்தை கிடையாது. அவர் வீட்டு எலுமிச்சை மரம் இவர் சுவரைத் தாண்டிச் சருகு கொட்டுகிறது, இவர் கிளையை வெட்டினார், அவர் போலீஸ் வரை போனார். பதினோரு வருஷமாக அந்த மரத்தடியில் மகாபாரதம். “அந்த ஆளைத் தவிர ஒருவரும் இல்லை, ஆகவே ஒருவரும் இல்லை” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். கெடு முடிய அதிக நாள் இல்லை. நான் சேகர் அண்ணனிடம் வந்து சொன்னேன். பல நாளாகக் குனிந்தே இருந்த மனுஷன் தலையை நிமிர்த்தினார்: “அந்தாளயே இட்டார சொல்லுங்க மேடம், நம்மகூட சண்ட போடுறவன்தான் நாம எப்ப வர்றோம் எப்ப போறோம்னு வேல மெனக்கெட்டு பாத்துகினு கீறான்.”

ஊர்க்கதைக்கு மார்க்

சொல்லுங்கள் என்று அவர் சொல்லிவிட்டார். நான் எப்படிச் சொல்வது? ‘அல்பெர்ட்டோவைக் கேளுங்கள்’ என்றால் அது ஆலோசனை. பதிவாகிறது. வேலையும் போகும். பாடி மேம்பாலத்தடியில் பஸ் நகராமல் நின்ற நேரமெல்லாம் எனக்கு அதே யோசனை. மறுநாள் காலை நடராஜன் சார் என் ஸ்கூட்டரைப் பற்றி ஆரம்பித்தபோது பதில் சொல்லாமல் அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவருக்கே சந்தேகம் வந்து உள்ளே போய்விட்டார்.

மத்தியானம் யோகான்னாவுக்குப் போன் போட்டேன். விதியை ஒரு தடவை படித்தேன். அப்புறம் ஊர்க்கதைக்கு வந்தேன். ஊர்க்கதைக்குத்தான் மார்க் உண்டே. எங்கள் கீழ்வீட்டில் நடராஜன் சார் என்று ஒருவர், எனக்கும் அவருக்கும் ஆகாது, ஆனால் நான் எந்தச் செவ்வாய்க்கிழமை ஊரில் இல்லை என்பதுவரை அவருக்குத் தெரியும், என் ஓனருக்குத் தெரியாது, என் பேங்குக்குத் தெரியாது என்று முழுக்கச் சொன்னேன். துணி சொட்டின கதைக்கு அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்திவிட்டார். பிரவீண் ஹெட்போனில் கேட்டுக்கொண்டுதான் இருந்தான், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். யோகான்னாவுக்குப் புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது, கோபம் வந்துவிட்டது என்பதும் தெரிந்தது. “அந்த மனிதனின் வாசலில் போய் நான் நிற்பதா, கலா?”

அல்பெர்ட்டோ சொன்னது

அதற்கப்புறம் அவரிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. கெடு தாண்டிவிட்டது. கெடு தாண்டினபிறகு நாங்களாகக் கூப்பிடக் கூடாது, வாடிக்கையாளர் கூப்பிட்டால்தான். போன் அடிக்கும்போதெல்லாம் சேகர் அண்ணன் என் பக்கம் திரும்புவார், நான் இல்லை என்று தலையை ஆட்டுவேன், அவர் திரும்பிக்கொள்வார். அவமானப்படுத்திவிட்டேனோ, பெட்டியைக் கட்டிக்கொண்டு ஹாலந்துக்கே கிளம்பிவிட்டாரோ, அந்தச் சாயங்கால நடை நின்றுபோயிற்றோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு நாள் போனை எடுத்தேன், யோகான்னா. வணக்கம்கூடச் சொல்லவில்லை. “இன்னும் தட்டுகிறார்களே, நீங்கள் திறக்கவே இல்லையா?” என்றார். பின்னால் பிரஸ் மிஷின் டொம் டொம் என்று அடித்துக்கொண்டிருந்தது. நான் சேகர் அண்ணனைக் கையைக் காட்டிக் கூப்பிட்டேன். நிரந்தர உரிமைக் காகிதம் கையில் இருக்கிறது என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன்.

நாலு நாள் அல்பெர்ட்டோவின் வாசல் வரை போய்ப் போய்த் திரும்பியிருக்கிறார். அஞ்சாவது நாள், கெடுவுக்கு முந்தின நாள், அவரே கதவைத் திறந்து, மறுபடி கிளையை வெட்ட வந்தாயா என்று கேட்டிருக்கிறார். விஷயத்தைச் சொன்னதும் உள்ளே போய்க் கோட்டை மாட்டிக்கொண்டு வந்துவிட்டாராம். ஊர் மன்ற ஆபீசில் ரொட்டிக்கடைக்காரி நல்ல விதமாக நாலு வார்த்தை சொல்லியிருக்கிறாள், குமாஸ்தா தலையை ஆட்டிக்கொண்டே எழுதியிருக்கிறார். அல்பெர்ட்டோவிடம், இந்த அம்மாள் விடாமல் இங்கேதான் இருந்தார் என்று உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டபோது அவர் சொன்னதை யோகான்னா எங்களுக்கு அப்படியே சொன்னார்: “பதினோரு வருஷமாக இவள் என் நிம்மதியைக் கெடுக்கிறாள். ஒரு வாரம் வெளியூர் போயிருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்கும், அந்த வாரம் நான் நன்றாகத் தூங்கியிருப்பேன்.”

ஆகவே சக முகவரி இல்லாதவர்களே, கீழ்வீட்டுக்காரரோடு சண்டை போடுங்கள், ஆனால் அவர் கையெழுத்துப் போடுகிற அளவுக்கு மிச்சம் வைத்துப் போடுங்கள்.